முந்நூற்றொன்றாவது மெஷின்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வல்லம் வடகாலில் நம் ஆலை மறுபடியும் ஒரு லிமிடெட் எடிஷன் தொடங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எதற்கு இந்தக் கவலை என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்களில் பாதிப் பேர் கார் கம்பெனிகளில் பழகிவிட்டு வந்தவர்கள். அங்கே கற்ற நல்ல பழக்கமே இங்கே உங்களை வம்பில் மாட்டிவிடும். அதை யாராவது சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு எழுதுங்கள் என்று மேலாளரும் கேட்டுக்கொண்டார். தர ஆய்வுப் பிரிவில் நான் பார்த்தவற்றில் ஒன்றே ஒன்றை எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள். பாதியில் விட்டால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

நாம் செய்யும் பின்பால் மெஷின் என்ன என்று என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். சரிவான ஒரு மேஜை. மேலே கண்ணாடி. உள்ளே ஓர் எஃகு குண்டு ஓடும். அது கீழே விழுந்துவிடாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். தட்டினால் விளக்கு எரியும், மணி அடிக்கும். அவ்வளவுதான்.

"இதுக்கா சார் ஒரு சின்ன கார் வெல?" என்று அவர் கேட்டார்.

காரோடு ஒப்பிட்டதால் காரை வைத்தே பதில் சொன்னேன். ஒரகடத்தில் செய்த கார் கேட்டைத் தாண்டியதுமே விலை குறைய ஆரம்பிக்கிறது. நம் மெஷின் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற ஆரம்பிக்கிறது. எல்லா மெஷினும் அல்ல. லிமிடெட் எடிஷன் மட்டும். முந்நூறுதான் செய்வோம், அதற்கு மேல் எந்தக் காலத்திலும் செய்ய மாட்டோம் என்று நமக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம் வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்குக்குத்தான் விலை. முதல் எடிஷனின் முதல் தவணை போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே, பெட்டிகூடப் பிரிக்காத மெஷின்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குக் கைமாறின என்று சொன்னார்கள். விளையாடச் செய்த சாமானைப் பெட்டியோடு வைத்து விற்கிறார்களே என்று எனக்கு அங்கலாய்ப்பாக இருந்தது.

வாங்குகிறவர்கள் எல்லோரும் வியாபாரிகள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பதினேழாம் எண் மெஷினை வாங்கியவர் அந்த நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியை இதில் போட்டுவிட்டேன், என் மகள் திட்டுகிறாள், ஆனால் முந்நூறுக்கு மேல் வராது என்பதால் பயமில்லை என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். நானும் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன் அல்லவா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த எடிஷனின் கடைசித் தவணை டிஸ்பாட்சில் நின்றது. இருநூற்று அறுபத்தொன்று முதல் முந்நூறு வரை, நாற்பது பெட்டிகள். எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். மறுபடியும் நாற்பத்தொன்று. டிஸ்பாட்ச் பையன்கள், "சார் வீட்ல இட்லியையும் எண்ணித்தான் சாப்பிடுவாரு" என்று சிரித்தார்கள். எண்ணித்தான் சாப்பிடுகிறேன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஓரத்தில் ஒன்றில் 301 என்று போட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். மெஷினின் முகப்பில் பித்தளைத் தகடு பளபளத்தது. முந்நூற்றொன்று.

லைன் லீடர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி, கார் சீட் தைக்கும் ஆலையில் நான்கு வருடம் இருந்துவிட்டு நம்மிடம் வந்தவள். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னா? நாங்கதான் கட்டுனோம்."

"ஆர்டர் முந்நூறுதானே?"

"தகடு முந்நூத்தொண்ணு இருந்துச்சே சார். தகடு இருந்தா மெசின் இருக்கணும்னு சொல்லிக் குடுத்தது ஆரு? கட்டாம விட்டா, தகடு இங்க கெடக்கு, மெசின் எங்கன்னு ஏசுவிய. கட்டுனா, மெசின் ஏன் நிக்குன்னு ஏசுதிய."

"சாமான் எப்படிப் பத்துச்சு?"

"இந்தத் தடவ கழிவு கம்மி. மிஞ்சிப்போச்சு. அதுக்கும் சேத்து ஏசிருங்க."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. கார் ஆலைகளில் ஸ்டாண்டில் அட்டை வந்தால் அதுதான் ஆர்டர். யாரையும் கேட்க வேண்டாம், கட்டு. நாமும் அதே முறையைத்தான் வைத்திருந்தோம், அட்டைக்குப் பதில் எண் தகடு. தகடு ஸ்டாண்டில் இருக்கும்வரை லைன் ஓடும். தீர்ந்தால் நிற்கும். அந்தப் பெண்கள் தீரும்வரை ஓட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம் வயதில் ஓர் உதிரிபாக ஆலையில் எனக்கு மேலே இருந்தவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒரு பிழை வந்ததும் நாங்கள் எல்லோரும் "யார்?" என்று கேட்டுக்கொண்டு ஓடுவோம். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல், "எத்தனை நாளா?" என்று கேட்பார். யார் என்று முதலில் கேட்டால் ஒருவன் கையைக் காட்டுவான், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எத்தனை நாளாக என்று கேட்டால்தான் பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அன்று மாலையே குன்றத்தூருக்குப் போனேன்.

தகடு செய்து தருபவர் தனசேகர். மலையடிவாரத்தில் கடை. அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் தகடு வேலையைக் கொடுத்தோம். அப்புறம் சுற்றுவட்டத்தில் இன்னும் மூன்று ஆலைகள் கொடுத்தன. பாத்திர வேலையை விட்டுவிட்டு, எங்களை நம்பியே கடை நடத்தி வந்தார்.

"வா சார், வா. டீ சொல்லட்டா? சக்கர இல்லாம?"

"தகடு ஒண்ணு கூடுதலா வந்திருக்கு, தனசேகர்."

"ஆமா."

"எத்தனை நாளா இப்படிப் போடுறீங்க?"

"மொத ஆர்டர்லேர்ந்தே போடறேன் சார். இன்னா சார் புதுசா கேக்கற? மொய் வெக்க சொல்லோ யாரனா மொட்டையா ஐநூறுன்னு வெப்பாங்களா? ஐநூத்தொண்ணு. நம்ம கையால குடுக்கறது ஒண்ணு கூடத்தான் இருக்கணும். அப்பதான மறுபடி வரும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாதாரண மெஷின்களுக்கு எண் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அவர் ஐநூறுக்கு ஐநூற்றொன்று தருவார். அந்த ஒன்று அடுத்த லாட்டின் முதல் தகடாகிவிடும். அடுத்த தடவை அவர் ஐநூற்றிரண்டிலிருந்து தொடங்குவார். எத்தனையோ லாட் இப்படியே போயிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அடுத்த லாட்டே கிடையாது என்ற ஆர்டர் வந்தபோது அதை அவரிடம் தனியாக யாரும் சொல்லவில்லை. முந்நூறு என்று மட்டும் எழுதிப் போட்டார்கள். அவர் கண்ணுக்கு அது இன்னொரு முழு எண். அவ்வளவுதான்.

"அந்தத் தகட்ட ஒட்டி மெஷினே கட்டிட்டாங்க" என்றேன்.

"மெஷினேவா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு நின்றது. முந்நூறுக்கு மேல் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். பதினேழாம் எண்காரரைப் பற்றியும் சொன்னேன். டீ வந்தது, அவர் குடிக்கவில்லை.

"அப்ப எனுக்கு வேல போச்சா சார்?"

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது: கூடுதல் எண்ணுக்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். நம் ஆலை ஒரு வெண்டரை விலக்கியது என்றால், ஷிப்ட் பஸ் ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் மற்ற ஆலைகளுக்குச் செய்தி போய்விடும். நான்கு ஆலையும் போனால் அவர் திரும்பப் பாத்திரத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வேலையும் இப்போது வேறு ஆள் கையில்.

மறுநாள் காலை ஆலை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர். என்னைவிட இருபது வயது இளையவர். அவர் தலைமேல் எத்தனை பாரம் என்று எனக்குத் தெரியும். முதலில் கதவைச் சாத்தினார்.

"சார், கிழக்குக் கடற்கரைச் சாலைல ஒருத்தர் இந்த மெஷினெல்லாம் சேக்கறாரு. மூணு மடங்கு தர்றேங்கறாரு. லைன்ல எல்லாருக்கும் ஒரு போனஸ் போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"இசக்கிக்குத் தெரியும். தனசேகருக்குத் தெரியும். டிஸ்பாட்ச்ல ஆறு பேருக்குத் தெரியும். நான் வேற எண்ணிட்டேன்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி, சொல்லிடலாம். ஆனா ஒரு பேரு வேணும் சார். வெண்டர் அனுமதி இல்லாம கூடுதல் தகடு அடிச்சிட்டான்னு ரிப்போர்ட்ல எழுதிட்டா நம்ம லைன் தப்பிச்சிடும். லைன்ல நாப்பது பேரு இருக்காங்க" என்றார்.

நீங்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரும்போது இந்த வாக்கியம் உங்கள் வாயிலும் வரும். அதைச் சொல்வதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். நாற்பது பேருக்கு ஒருவர் என்று கணக்குப் பார்த்தால் சரியாகக்கூடத் தோன்றும். கணக்கு என்றால் எனக்கு உயிர். ஆனாலும் "அனுமதி இல்லாமல்" என்று எழுதினால் அது பொய். எத்தனை வருடமாக அந்த ஒன்றை வாங்கி வைத்து, அடுத்த லாட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறோம்? வாங்கியதும் ஓர் அனுமதிதான். இதை நான் சொன்னதும் மேலாளர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப அந்தம்மாகிட்ட என்ன சொல்றது?"

"பேருதானே வேணும்? ஆளையே கூட்டிட்டு வர்றேன்."

அந்தம்மா என்றது வெளிநாட்டு நிறுவனத்தின் உரிமையாளரை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுருக்கமாகப் பேசுவார். மேலாளர் தகவல் சொன்னதும் வந்த பதில் இதுதான்: மெஷினில் குண்டு ஓடும் ஆட்டப் பலகையையும் தகட்டையும் என் கண்முன்னே வீடியோவில் வெட்டுங்கள், காரணம் யார் என்று அப்போது கேட்பேன்.

வெட்டும் நாளன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இசக்கி வந்து நின்றாள்.

"சார், கொல்லுததுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிக்கிடட்டா?"

நம் லைனில் எல்லோரும் தினமும் குண்டைத் தட்டுகிறவர்கள்தான். ஆனால் அது சோதனை. இந்த விளக்கு எரிகிறதா, அந்த மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போக வேண்டும். ஆட்டமாக யாரும் ஆடியதே இல்லை. மேலாளர் சரி என்றார். அந்தப் பெண்கள் சுற்றி நின்று ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏட்டி, இடது பக்கம் தட்டு, இடது பக்கம்!" "தள்ளுட்டி, நீ ஆடுனா குண்டுக்கே கிறக்கம் வருது!" மேலாளரும் ஓர் ஆட்டம் ஆடி மூன்றே தட்டில் தோற்றார். தனசேகர் மட்டும் ஒதுங்கிச் சுவரோரமாக நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் தகடு வெட்டும் கத்தரி. தகட்டைத் தானே வெட்டுவதாகச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார்.

வீடியோவில் அந்தம்மா வந்தார். மெஷினை நாலு பக்கமும் காட்டச் சொன்னார். பிறகு தகட்டைச் சுட்டிக் காட்டி, "இந்தத் தகட்டைச் செய்தவர் யார்?" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தனசேகரே முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தாம்மா."

இந்த ஆள் வேண்டுமென்று செய்யவில்லை, நாங்களும் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டோம், லைன் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் கட்டியது என்று நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எதற்காக ஒன்று கூடுதல்?" என்று மறுபடி தனசேகரையே கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"முழுசா நிறுத்தினா முடிஞ்சு போச்சுன்னு ஆய்டும் சார். ஒண்ணு கூடப் போட்டா இன்னும் கீதுன்னு அர்த்தம். உறவு விட்டுப் போவாது. அத்த அவங்களுக்குப் புரியற மாரி சொல்லு சார்."

சொன்னேன். அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. களைப்பாகத்தான் பதில் சொன்னார். "நான் விற்பதே முடிந்துவிட்டது என்பதைத்தான். இவர் அதற்கு நேர் எதிரானதைச் செய்து கொடுத்திருக்கிறார்."

தமிழில் சொன்னபோது தனசேகர் கொஞ்சம் யோசித்தார். எனக்குப் பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றால் போதும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அப்ப முடியறதையே முந்நூத்தொண்ணுல முடிச்சிருக்கலாமே சார்? அவங்களுக்கும் முடிஞ்ச மாரி இருக்கும், எனுக்கும் மொட்டையா இருக்காது."

இதை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு எழவில்லை. வாக்குக் கொடுத்துவிட்ட ஒருவருக்கு, நீ வாக்கையே மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? இசக்கி பின்னால் இருந்து, "சொல்லுங்க சார், அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள். சொன்னேன். படம் உறைந்துவிட்டதோ என்று மேலாளர் கம்பியை அசைத்துப் பார்த்தார். உறையவில்லை. "வெட்டுங்கள்" என்றார் அந்தம்மா.

ஆட்டப் பலகையை ரம்பம் இரண்டாகப் பிளந்தது. இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனசேகர் தகட்டைக் குறுக்காக வெட்டினார். 3 ஒரு துண்டில் போயிற்று, 01 இன்னொரு துண்டில். இரண்டையும் கேமராவுக்குக் காட்டினார். அந்தம்மா நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெண்டரை வைத்துக்கொள்ளலாமா, விலக்க வேண்டுமா என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன் பிறகு அடுத்த ஆர்டர் வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தனசேகர் தினமும் போன் செய்வார். "ஒண்ணும் வர்லியா சார்?" என்று மட்டும் கேட்பார். "இல்ல" என்பேன். வைத்துவிடுவார். மற்ற ஆலைகளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவற்றில் ஓர் ஆலையிலிருந்து வர வேண்டிய வேலை அந்த மாதம் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து ஆர்டர் வந்தது. புதிய லிமிடெட் எடிஷன், புதிய படம், புதிய நிறம். வெண்டர் பட்டியலைத்தான் முதலில் பார்த்தேன். எண் தகடு: தனசேகர், குன்றத்தூர். எழுத்துக்கூட்டலில் ஒரு தப்பு இருந்தாலும் அவர்தான். அப்புறம்தான் மெஷின்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன். 201 என்று இருந்தது.

யாரோ விரல் தடுக்கி ஒன்றைச் சேர்த்து அடித்துவிட்டார்கள், மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்தேன். மேலாளர் தடுத்தும் கேட்காமல் நானே அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். இருநூறா, இருநூற்றொன்றா, எழுத்தால் உறுதி செய்ய வேண்டும் என்றேன்.

"இருநூற்றொன்று" என்றார் அந்தம்மா. "விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். ஏன் இருநூற்றொன்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் தகடு செய்பவரைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனால் இதற்கு மேல் ஒன்றுகூட வரக் கூடாது. அது உங்கள் பொறுப்பு" என்றார்.

என் பொறுப்பு என்றால் நான் சும்மா இருப்பேனா? மாலையே குன்றத்தூர் போனேன். செய்தி கேட்டதும் தனசேகர் கடைக்கு வெளியே வந்து மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னா சார் அந்தம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரை அழக்கூட விடவில்லை என்று பின்னால் இசக்கி என்னைக் கேலி செய்தாள். உண்மைதான். ஏனென்றால் என் தலைக்குள் புதிதாக ஒரு கவலை குடைந்துகொண்டிருந்தது. இருநூற்றொன்று என்று சொல்லிவிட்டோம். இந்த மனிதர் பழக்க தோஷத்தில் இருநூற்றிரண்டு அடித்துவிட்டால்?

தகடு தயாரான அன்று கன்டெய்னர் வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு நானே வாங்கப் போனேன். அவர் பொட்டலத்தை என் முன்னால் வைத்தார்.

"இன்னா சார், எண்ண வந்தியா?"

"கூட எதுவும் போடலியே?"

"ஒண்ணு அதுலயே கீதே சார். யாரனா ரெண்டு ஒண்ணு போடுவாங்களா?"

அவரை முழுசாக நம்பினேன். நம்பிக்கொண்டே அவருடைய மேஜையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். டீ ஆறும்வரை ஒவ்வொன்றாக எண்ணினேன். இருநூற்றொன்று இருந்தது.